பள்ளிப் பொங்கல் பஸ் ஏறிய வருஷம்

அந்த வருஷம் பொங்கலைப் பள்ளி முற்றத்தில் வைக்க வேண்டாம், அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவோம் என்று ஆசிரியர் அறையில் முதலில் சொன்னவள் நான்தான். சொன்னபோது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்ணிடலாம்," என்றார்.

'அவர்கள்' என்றது பள்ளிக்குப் பின்பக்கம், நாலாவின் கரையில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களை. நாலா என்று டெல்லியில் சொல்வது கழிவுநீர் ஓடும் பெரிய கால்வாயை. அதன் ஓரமாக, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் செங்கல்லும் தகரமும் வைத்து வீடு கட்டி இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஆண்கள் ஆட்டோ ஓட்டினார்கள், கட்டட வேலைக்கும் ஆபீஸ்களில் துப்புரவு வேலைக்கும் போனார்கள். பெண்களுக்குச் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை. பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படித்தார்கள்.

நான் அங்கே தமிழ் டீச்சர். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. என் வகுப்புகளில் எப்போதும் இரண்டு விதமான பிள்ளைகள் இருப்பார்கள். அரசுக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால் பாதியில் இந்திக்குத் தாவிவிடுவார்கள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார்கள். நாலாக் கரைப் பிள்ளைகள் தமிழிலேயே சண்டை போடுவார்கள், தமிழிலேயே பொய் சொல்வார்கள். பாடத்தில் வரும் ஒரு சொல்லுக்கு வகுப்பே விழிக்கும்போது பின் பெஞ்சிலிருந்து அவர்களில் ஒருவரின் கைதான் மேலே வரும்.

டெல்லியில் பொங்கலுக்குப் பள்ளிகள் திறந்திருக்காது. குளிர்கால விடுமுறை அதையும் தாண்டிப் போகும். ஆனாலும் எங்கள் பள்ளி அன்று ஒரு நாள் கதவைத் திறக்கும். முந்தின மாதமே வகுப்புக்கு வகுப்பு ஒரு சாக்கு வைத்துவிடுவோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம் கொண்டுவந்து போடுவார்கள். பெற்றோர்கள் கம்பளியும் ஸ்வெட்டரும் தருவார்கள். பொங்கலன்று முற்றத்தில் பானை வைத்துப் பொங்கி, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டு, மீதி அரிசியும் கம்பளியும் நாலாக் கரையில் தேவைப்பட்ட வீடுகளுக்குப் போகும். கொடுத்த பிள்ளைகளும் வாங்கிய பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அதனால் மேடையில் வைத்துக் கொடுப்பதில்லை என்று பிரின்சிபால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாயந்திரம் பள்ளியின் சிறிய வேனில் மூட்டைகள் போகும், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், அவளுடைய அம்மாவைப் பற்றியும்.

அந்தப் பெண் அதற்கு முந்தின வருஷம் ஏழாம் வகுப்பு. நீளமான முகம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. சத்தமே இல்லாமல் படிப்பாள். வகுப்புச் சாக்கில் அரிசி போடும் வாரத்தில் அவளும் ஒரு சின்ன டிபன் டப்பா நிறைய அரிசி கொண்டுவந்து போடுவாள். அந்தச் சாக்கு சாயந்திரம் எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒன்றும் சொன்னதில்லை. அவளும் மற்றவர்களைப் போல வரிசையில் நின்று, கொட்டிவிட்டு, டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அவளுடைய அம்மாவைப் பொங்கலன்றுதான் எனக்கு நன்றாகப் பழக்கம். உயரமானவர், பெரிய குரல். டெல்லியிலேயே பிறந்தவர், ஆனால் பேச்சு கள்ளக்குறிச்சிப் பேச்சு, நடுநடுவே இந்தி. முதல் முறை பேசியபோது, "நான் மூணு கோட்டில வேலை செய்றேன் டீச்சரம்மா," என்றார். எங்கள் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம். நான் விழித்ததைப் பார்த்து, "பங்களா டீச்சரம்மா, பங்களா. இந்தியில கோட்டின்னுவாங்க," என்று விளக்கினார். எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "அதுவும் கரெக்ட்டுதான்."

குவார்ட்டர்ஸ் பெண்களான எங்களில் யாருக்கும் விறகு அடுப்பு சரியாக வராது. நாலாக் கரைப் பெண்கள் வந்துதான் கல் கூட்டி, நெருப்பு மூட்டுவார்கள். அவர் எங்களை எல்லாம் ஏவுவார். "ஜல்தி ஜல்தி, அந்த வெல்லத்தத் தட்டிக் குடுங்க," என்பார். பெரிய அதிகாரியின் மனைவியாக இருந்தாலும் அன்று வெல்லம் தட்ட வேண்டியதுதான். பானை பொங்கும்போது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கத்துகிற கத்தலில் எது யார் குரல் என்று தெரியாது. வருஷத்தில் அந்த ஒரு மத்தியானம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே விடுமுறையில் ஊருக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் நாலாக் கரையை இடித்தார்கள்.

கால்வாயை அகலப்படுத்த வேண்டும், ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ரோட்டுக்கு ஏறுகிறது என்று காரணம் சொன்னார்கள். நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், தள்ளிப்போயிற்று, பிறகு ஒரு நாள் தள்ளிப்போகவில்லை. நான் அப்போது தென்காசியில் இருந்தேன். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. மஞ்சள் நிற இயந்திரம், தூசி, ரோட்டோரம் கட்டில் மேல் பாத்திரங்களோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள். முகம் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஜூலையில் பள்ளி திறந்து நான் போய்ப் பார்த்தபோது அங்கே சமமான மண்தரை இருந்தது. நாலு வேப்பமரங்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். மரங்கள் மேல், முன்பு சுவரை ஒட்டி நின்ற உயரம் வரை, வெவ்வேறு வீட்டுச் சுண்ணாம்பு நிறம் ஒட்டியிருந்தது.

சில குடும்பங்களுக்கு டெல்லியின் வடக்கு ஓரத்தில், ஹரியானா எல்லைக்குப் பக்கத்தில், அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். சிலருக்குக் காகிதம் போதவில்லை என்று ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் வாடகைக்கு எங்கெங்கோ சிதறினார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அங்கிருந்து எங்கள் பள்ளிக்கு வர முதலில் ஒரு பஸ், பிறகு மெட்ரோ, அதற்குப் பிறகு நடை. எட்டாம் வகுப்புக்கு அவள் அப்படித்தான் வந்தாள். இருட்டிலேயே அம்மாவும் மகளுமாகக் கிளம்புவார்கள். அம்மா கோட்டிகளுக்கு, மகள் பள்ளிக்கு. அம்மா வேலை முடிக்க நேரமாகும் என்பதால் திரும்பும்போது மகள் தனியாகப் போவாள். அப்பா ஆட்டோவை இங்கேயே ஒரு நண்பர் வீட்டருகில் நிறுத்திவிட்டு, வாரத்தில் பாதி நாள் ஆட்டோவிலேயே படுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் அவள் இரண்டாவது பீரியடில் தூங்க ஆரம்பித்தாள். நான் எழுப்புவதில்லை. கணக்கு டீச்சர் எழுப்பி நிற்க வைப்பார். நின்றுகொண்டே தூங்குவாள் என்று அவர் என்னிடம் சொன்னபோது அந்தக் குரலில் கோபம் இல்லை. நவம்பரில் காற்று மாசு மோசமாகிப் பள்ளிகளை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். அப்பாடா, இனி அவளுக்கு அலைச்சல் இல்லை என்று நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். மூன்று வாரம் திரையில் அவள் பெயருக்கு எதிரே ஒன்றுமே தோன்றவில்லை. பள்ளி மறுபடி திறந்தபோது விட்டதையெல்லாம் பார்த்து எழுத ஒரு தோழியின் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் போனாள். திருப்பிக் கொடுக்க அவள் வரவில்லை. டிசம்பர் பாதிக்கு மேல் வரவே இல்லை.

அப்போதுதான் ஆசிரியர் அறையில் பொங்கல் பேச்சு வந்தது. மூட்டைகள் வழக்கம்போல நிரம்பிக்கொண்டிருந்தன. யாருக்குக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். அங்கேயே போகலாம் என்று நான் சொன்னேன்.

பொங்கலன்று பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்து போயிற்று. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. விருப்பப்பட்ட பிள்ளைகள் கொஞ்சம் பேர், பெற்றோர்கள் சிலர், பிரின்சிபால், நான். பின் சீட்டுகளில் அரிசி மூட்டையும் கம்பளிக் கட்டும் கரும்பும். விறகு எடுத்துப் போகவில்லை. காற்று மோசமாக இருந்ததால் வெளியே எதையும் எரிக்கக் கூடாது என்று உத்தரவு. இரண்டு காஸ் சிலிண்டரும் பெரிய அடுப்பும் எடுத்துப் போனோம். என் பக்கத்தில் இருந்த பையன், "மேம், அங்க வயல் இருக்குமா?" என்று கேட்டான். இருந்தது. கடைசி ஒரு மைலுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் கோதுமை, கணுக்கால் உயரத்துக்கு. இங்கே அறுவடைக்கு ஏப்ரல் வரவேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அப்படியானால் நாம் எதற்கு இப்போது கொண்டாடுகிறோம் என்று அவன் கேட்டான். ஊரில் இப்போது அறுவடை என்றேன். அவன் பிறந்து வளர்ந்த ஊர் டெல்லியின் சரோஜினி நகர்.

அந்தக் கட்டடங்கள் கட்டிப் பல வருஷம் ஆகியிருக்கும், ஆனால் ஆள் வந்தது சமீபத்தில்தான். பெயிண்ட் உரிந்து, ஜன்னலுக்குக் கீழே நீளமாகப் பாசிக் கோடுகள். பாதி வீடுகளில் ஜன்னலுக்குக் கதவே இல்லை. தண்ணீர் லாரி வரும் இடத்தில் காலி டப்பாக்கள் மட்டும் வரிசையில் நின்றன. ஆள் இல்லை. பஸ்ஸை நிறுத்தி நாங்கள் இறங்கியபோது ஒரு நாய் குரைத்தது. ஒவ்வொரு மாடியிலும் பூட்டு தொங்கியது.

ஒரு பெரியவர் போர்த்திக்கொண்டு வந்தார். நாலாக் கரையில் பெட்டிக்கடை வைத்திருந்தவர், எனக்கு முகம் தெரியும்.

"எல்லாரும் எங்க தாத்தா?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போயிருக்காங்கம்மா. இங்க இருந்து போவணும்னா விடியக் கருக்கல்லயே கிளம்பணும். சண்டேல வந்திருந்தா பாத்திருக்கலாம்."

"இன்னைக்குப் பொங்கல் இல்லையா," என்றார் பிரின்சிபால்.

"நமக்குப் பொங்கல். கோட்டிக்காரனுக்குப் பொங்கலா?"

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். குறை சொல்லும் பார்வை இல்லை, என்ன செய்யலாம் என்ற பார்வைதான். நாலாக் கரையில் வேலை செய்யும் வீடுகள் பத்து நிமிஷ நடையில் இருந்தன. அவர்கள் காலை வேலையை முடித்துவிட்டு நடுவில் ஓடிவந்து பொங்கல் வைத்துவிட்டு மறுபடி போனார்கள். அதைப் பல வருஷம் கண்ணால் பார்த்தும், இங்கே அது முடியாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்தது வந்துவிட்டோம், அடுப்பை மூட்டினோம். கட்டடங்களுக்கு நடுவே இருந்த சிமெண்ட் தரையில் ஒரு பெண் கோலம் போட்டாள். ஈரத்தில் மாவு ஒட்டவில்லை. பால் பொங்கியபோது பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். சுற்றிலும் வெற்றுச் சுவர் என்பதால் சத்தம் போய்ப் போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது முறை கத்தும்போது குரல் குறைந்துவிட்டது, மூன்றாவது முறை யாரும் கத்தவில்லை.

சத்தம் கேட்டு, டிசம்பரிலிருந்து பள்ளிக்கு வராத அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பள்ளி ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாள். "நமஸ்தே மேம்," என்று சொல்லிவிட்டுத் தோழிகள் பக்கம் போனாள். அவர்கள் அவளைச் சுற்றி நின்று ஏதோ கேட்டார்கள், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அங்கே வைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுத்த பிளாக்குகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். தமிழர்கள் இல்லை. டெல்லியின் வேறு வேறு இடங்களில் இடித்த குடிசைகளிலிருந்து அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஒரு சின்னப் பெண் பானைக்குள் எட்டிப் பார்த்து, இனிப்புக் கிச்சடியா என்று இந்தியில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி இலையில் போட்டுக் கொடுத்தோம். வரிசை நீண்டது. சூடாக இருந்ததால் எல்லோருக்கும் பிடித்தது. பிரின்சிபால் கரும்பை ஒடித்துக் கொடுத்தார். அந்த அரை மணி நேரம் பொங்கல் பொங்கலைப் போலவே இருந்தது.

பிறகு ஒரு பெண் கம்பளிக் கட்டைப் பார்த்துவிட்டார். இடுப்பில் கைக்குழந்தை. எங்களுக்கும் ஒன்று கொடுங்கள் என்று இந்தியில் கேட்டார். பிரின்சிபால் சங்கடத்தோடு, இவை எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்காகக் கொண்டுவந்தவை, அவர்கள் மாலையில் வருவார்கள் என்று சொன்னார்.

அந்தத் தாய் சண்டை போடவில்லை. "எங்க வீட்டையும்தான் இடிச்சாங்க, சார். உங்க ஆளுங்களுக்கு மட்டுமா குளிரும்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். குழந்தை இருமியது. பிரின்சிபால் மறுபடி என்னைப் பார்த்தார், இந்த முறை நான் தலையசைத்தேன். கட்டை அவிழ்த்தோம். சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அரிசியும் பாதிக்கு மேல் போயிற்று. கடைசியில் கிடைக்காமல் நின்ற இரண்டு பேர் எங்களைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

பனி மறுபடி இறங்குவதற்குள் பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும் என்று பஸ் மூன்றரைக்கே கிளம்பியது. நான் போகவில்லை. என் மாணவியின் அம்மாவைப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனமில்லை. மெட்ரோவில் வந்துவிடுகிறேன் என்று கணவருக்குச் செய்தி அனுப்பினேன். மீதியிருந்த பொங்கலை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு நாலாவது மாடி ஏறினேன். படிக்குக் கைப்பிடி இல்லை. "ஓரமா வாங்க மேம்," என்று சொல்லிக்கொண்டே அவள் எனக்கு முன்னால் ஏறினாள்.

ஒரு அறை, ஒரு சமையல் மேடை. சுவரில் ஈரம் இறங்கிய இடத்தை மறைத்து ஒரு காலண்டர். அவள் டீ போட்டாள். என் தமிழ்ப் பாடப் புத்தகம் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் புரட்டினேன். எந்தப் பாடம் வரை நடத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். "அது நானே படிச்சிட்டேன் மேம்," என்றாள். கீழே தண்ணீர் லாரி வந்தது. அவள் டப்பாக்களை எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் இரண்டு டப்பா தூக்கினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவளுடைய அம்மா வரும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். சால்வையில் பனி ஈரம்.

"இன்னா டீச்சரம்மா, இந்தக் குளிர்ல இங்க வந்து குந்திக்கினு இருக்கீங்க?"

"பொங்கலுக்கு வந்தோம்."

"கேள்விப்பட்டேன். கீழ சொன்னாங்க. கம்பளி எல்லாம் அந்த பிளாக்குக்குப் போயிடுச்சாமே."

"ஆமா. கேட்டாங்க. இல்லன்னு சொல்ல முடியல."

"அச்சா, குடுத்தது நல்லதுதான். அவங்களும்தான் குளிர்ல கெடக்கறாங்க." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஆனா எங்க ஆளுங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

தூக்கைத் திறந்து காட்டினேன். பொங்கல் கட்டியாகி, மேலே நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. மகள் அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பழைய பெரிய குரல் இல்லை. பஸ்ஸில் வந்த களைப்புதான் என்று முதலில் நினைத்தேன்.

"பொண்ண ஏன் அனுப்பல?" என்று கேட்டேன்.

அவர் மகளின் முதுகைப் பார்த்தார். பிறகு சொன்னார். டிசம்பரில் ஒரு சாயந்திரம், பஸ்ஸிலிருந்து ஒருவன் அவளுக்குப் பின்னாலேயே இறங்கியிருக்கிறான். பனியில் முன்னாலும் ஆள் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கூடவே வந்திருக்கிறது. பேர் கேட்டிருக்கிறான், துப்பட்டாவைப் பிடித்திருக்கிறான். அவள் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். பை மறுநாள் காலையில் ரோட்டோரம் கிடைத்தது. தோழியின் நோட்டுகள் மட்டும் நனைந்து போயிருந்தன.

"ஒண்ணும் ஆவல. ஆனா இனிமே முடியாது டீச்சரம்மா. ஏப்ரல்ல இங்கயே சர்க்கார் ஸ்கூல்ல போட்டுடறேன். நடந்து போற தூரம்."

"அங்க தமிழ் கிடையாதே."

"கிடையாதுதான்."

மகள் அடுப்பைப் பார்த்தபடியே கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் பகலிலிருந்து யோசித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "எங்க வீட்ல இருக்கட்டும்மா. பத்தாவது முடிக்கிற வரைக்கும். எங்க பையன் வெளியூர்ல படிக்கான், அவன் ரூம் சும்மாதான் கிடக்கு. சனிக்கிழமை நானே கொண்டாந்து விடுதேன்."

கணவரிடம் நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. ஆனால் அவர் மறுக்க மாட்டார் என்று தெரியும்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க குவார்ட்டர்ஸும் இடிச்சாங்க இல்ல? சரோஜினி நகர்ல இருந்தீங்களே," என்று கேட்டார்.

"ஆமா. புதுசாக் கட்டுறதுக்காக."

"உங்களுக்கு எங்க குடுத்தாங்க?"

"லோதி ரோடு பக்கம்."

"ஸ்கூலுக்குக் கிட்ட."

"ஆமா."

அதோடு அதை விட்டுவிட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்லா பாத்துக்குவீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா இவ சும்மா இருக்க மாட்டா. காலைல எழுந்து உங்க வீட்டப் பெருக்குவா, பாத்திரம் கழுவுவா. நீங்க வேணாம்பீங்க, அப்பவும் செய்வா. அடுத்தவங்க வீட்ல சோறு தின்னா கை தானா வேலை செய்யும் டீச்சரம்மா. நான் பாக்காததா. இவளுக்கு அது வேணாம்னுதான் இவ்ளோ தூரம் தூக்கிக்கினு அலைஞ்சேன்."

மகள் மூன்று தட்டுகளில் பொங்கலைப் போட்டுக் கொண்டுவந்தாள். சாப்பிட்டோம். அடி பிடித்த வாசனை வந்தது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "காஸ்ல வச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அவரே என்னைப் பஸ் நிறுத்தம் வரை கூட்டி வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பனியில் எங்கள் கையில் இருந்த போன் வெளிச்சம் இரண்டு அடிக்கு மேல் போகவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன், அதற்குள் அவர் மறைந்துவிட்டார். அவர் தனியாகத் திரும்பி நடக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே போன் போட்டு, வீடு சேர்ந்ததாக அவர் சொல்லும் வரை அதைக் காதிலேயே வைத்திருந்தேன்; அதற்குள் மெட்ரோ நிலையம் வந்துவிட்டது.

ஆண்டுத் தேர்வை எழுதிவிட்டுப் போகட்டும் என்று பிரின்சிபால் அனுமதித்தார். தேர்வு நாட்களில் அவளுடைய அம்மா வேலைக்கு லீவு போட்டு மகளைக் கூட்டி வந்து, பள்ளி வாசலில் காத்திருந்து கூட்டிப் போனார். அதில் ஒரு கோட்டி வேலை போய்விட்டது என்று பின்னால் தெரிந்தது. தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு இரண்டு தலைப்பு கொடுத்திருந்தேன், ஒன்று பொங்கல் விழா, மற்றது நூலகத்தின் பயன். அவள் நூலகத்தின் பயனை எழுதியிருந்தாள். மனப்பாடம் செய்த கட்டுரை, ஒரு பிழை இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளுடைய அப்பாதான் வந்தார். ஆட்டோவை வாசலில் இன்ஜினை அணைக்காமலேயே விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

இந்த ஜனவரியில் பொங்கலை மறுபடி பள்ளியிலேயே வைத்தோம். விறகு இல்லை என்றான பிறகு அடுப்புக் கூட்ட யாரும் தேவைப்படவில்லை, கான்டிராக்டர் ஆட்கள் காலையிலேயே சமைத்து எவர்சில்வர் டிரம்களில் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஹாலில் நடனம் ஆடினார்கள். சேர்ந்த அரிசியும் கம்பளியும் பள்ளிக்கு அருகே மேம்பாலத்தின் கீழ் படுத்திருப்பவர்களுக்குப் போயின. அவர்களுக்கும் தேவைதான், அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பில் இப்போது தமிழ் எடுத்திருப்பவர்கள் முன் இரண்டு பெஞ்சுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதில் ஒருவர்கூட நாலாக் கரையிலிருந்து வந்தவர் இல்லை.

நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது வெளியே வந்து அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. டெல்லிக்குள் வந்து போக முடியவில்லை என்று மீதிக் கோட்டிகளையும் விட்டுவிட்டாராம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு செருப்புக் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை.

"பொண்ணு எப்படிப் படிக்கிறா?"

"படிக்கிறா. எல்லாம் இந்தியிலதான். இப்ப வீட்லயும் எங்கிட்ட இந்தியிலயே பேசறா. நான் தமிழ்ல கேட்டா அவ இந்தியில சொல்றா." இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "எங்க பிளாக்குலயே நெறைய பேரு பூட்டிக்கினு போயிட்டாங்க டீச்சரம்மா. வாடகைக்கு டெல்லிக்குள்ள போயிட்டாங்க. தண்ணியும் தூரமும் தாங்க முடியல. நாங்களும் பாக்கறோம், இவ பத்தாவது முடிக்கட்டும்னு."

"ஊருக்குப் போகப் போறீங்களா?"

"எந்த ஊருக்கு? நான் பொறந்தது அங்கதான், அந்த நாலாகிட்ட."

யாரோ அவரை இந்தியில் கூப்பிட்டார்கள். வரேன் என்று இந்தியிலேயே பதில் சொன்னார். "வைக்கிறேன் டீச்சரம்மா, சூப்பர்வைசர் பாக்கறாரு. நீங்க சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிடுங்க," என்றார்.

உள்ளே போனேன். டிரம்மிலிருந்து ஒருவர் கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டார். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். பிரின்சிபால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பொங்கல் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். மேடையில் அடுத்த நடனத்துக்குப் பாட்டு போட்டார்கள்.